புணையும் பிணையும்: பினாங்குச் சிறுகடைகளும் அயலகக் கைவினைஞர் பொறுப்பேற்பும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் இடப்பெயர்வு வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் தோட்டத் தொழிலாளரையே நடுவமாகக் கொண்டனர். எண்ணிக்கையாலும் அவர்கள் பட்ட துயராலும் அது பொருத்தமே. எனினும், துறைமுக நகரமாகிய பினாங்கில் மற்றொரு வரவும் தொடர்ந்து நிகழ்ந்துள்ளது. கணக்கெழுதுவோர், கடை உதவியாளர், பொற்கொல்லர், முடிதிருத்துவோர், சமையற்காரர் எனத் தொழில் அறிந்த ஆள்களைச் சிறு வணிகர் தம் சொந்தப் பொறுப்பில் அழைத்துக்கொண்ட வரவு அது. ஜார்ஜ் டவுனின் லெபோ பசார், லெபோ பினாங், லெபோ கிங், லெபோ குவீன் ஆகிய தெருக்களில் இன்று 'லிட்டில் இந்தியா' என வழங்கும் கடைவீதி இவ்வரவினால் உருவானதாகும்.

அக்கடைவீதியில் இன்று கேட்கும் பொதுக்குறை 'ஆள் கிடைப்பதில்லை' என்பதாம். இது வணிகரின் வழக்கமான முறையீடு என ஒதுக்கத்தக்கதன்று. சிறுகடைக்காரர் ஒருவர் அயல்நாட்டுக் கைவினைஞரைப் பொறுப்பேற்று அழைக்கும் முறை இருநூறு ஆண்டுப் பழக்கமுடையது. அம்முறை எவ்வாறு தோன்றியது, சட்டம் அதனை எவ்வாறு மாற்றியது, இன்று அது யாருக்கு எதனைத் தருகிறது என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். 'திறன்' என்பதைச் சட்டம் எதனைக் கொண்டு அளக்கிறது என்னும் வினாவே இவை அனைத்துக்கும் அடிப்படை என்பது நம் கருத்து. கையின் பயிற்சியைக் கொண்டு அளந்த காலம் ஒன்று இருந்தது. இன்று ஊதியத்தையும் மூலதனத்தையும் கொண்டு அளக்கப்படுகிறது. இம்மாற்றத்தில் சிறுகடைக்காரரும் தொழிலாளியும் ஒருங்கே இடமிழந்துள்ளனர்.

சொல்லும் பொருளும்

அயல்நாட்டார் ஒருவர் நாட்டுக்குள் வரவும் தங்கவும் உழைக்கவும் மற்றொருவர் அரசிடம் பொறுப்பு நிற்றலை இங்குப் 'பொறுப்பேற்பு' என்கிறோம். தமிழில் இக்கருத்துக்குப் பழைய சொற்கள் இரண்டு உள. ஒன்று 'புணை'. தெப்பம் என்பதும், ஒருவருக்காக மற்றொருவர் ஈடு நிற்றல் என்பதும் அதன் பொருள்கள். மற்றொன்று 'பிணை'. அதற்கும் ஈடு நிற்றல் என்னும் பொருள் உண்டு; கட்டு, தளை என்னும் பொருளும் உண்டு. கடல் கடக்கத் துணையாகும் தெப்பமும், கரை சேர்ந்தபின் காலைக் கட்டும் தளையும் ஒரே உறவின் இரு முகங்கள் என்பதை இச்சொற்கள் நன்கு உணர்த்துகின்றன. கீழே காணப்போகும் வரலாறு இவ்விரு முகங்களுக்கும் இடையே நிகழ்ந்ததெனலாம்.

கங்காணி முறையினின்று இதனைப் பிரித்தறிதல் வேண்டும். கங்காணி தோட்டத்தின் சார்பில் கூட்டமாக ஆள் திரட்டினார். அங்குத் தேவைப்பட்டது எண்ணிக்கை. கடைக்காரரோ ஒருவரை, அவருடைய தொழிலறிவை முன்னிட்டு, பெரும்பாலும் அவருடைய குடும்பத்தை அறிந்தே அழைத்தார்.

கிட்டங்கியும் சம்பளச் சீட்டும்

1786-இல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் குடியேற்றத்தை நிறுவிய சில ஆண்டுகளிலேயே சோழமண்டலக் கரையினின்று வந்த தமிழ் முஸ்லிம் வணிகர் இங்கு வேரூன்றினர். 1801-இல் காதர் மொகைதீன் தலைமையில் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், சூலியா தெரு என்னும் பெயரும், 1833-இல் எழுந்த குவீன் தெரு மாரியம்மன் கோயிலும் அந்நாளைய தமிழர் வாழ்வின் சான்றுகளாக நிற்கின்றன.

தொழிலறிந்த ஆளை அழைக்கும் முறையை மிகத் திருத்தமாக வகுத்தவர் நாட்டுக்கோட்டை நகரத்தார் ஆவர். அவர்தம் வட்டிக்கடைகள் இயங்கிய கிட்டங்கிகள் பினாங்கிலும் இருந்தன. முதலாளி செட்டிநாட்டிலேயே இருப்பார். கடையை நடத்த 'மேலாள்' ஒருவர் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கு அனுப்பப்படுவார். அவருக்குத் துணையாக 'அடுத்தாள்' இருப்பார். தொழில் பழக வரும் இளைஞன் 'பெட்டியடிப் பையன்' எனப்பட்டான். புறப்படுமுன் சம்பளச் சீட்டு எழுதப்படும். தவணை எவ்வளவு, மொத்தச் சம்பளம் எவ்வளவு, அதில் முன்பணம் எவ்வளவு என்பன அதில் இடம்பெறும். தவணை முடிந்ததும் அடுத்து வருபவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டு மேலாள் ஊர் திரும்புவார்.

இம்முறையில் மூன்று கூறுகள் நம் கவனத்துக்குரியன. முதலாவது, கடமைகள் எழுத்தில் இருந்தன. இரண்டாவது, திரும்பும் காலம் தொடக்கத்திலேயே வரையறுக்கப்பட்டது. மூன்றாவது, பெட்டியடிப் பையனாக வந்தவன் அடுத்தாளாகவும் மேலாளாகவும் உயர வழி இருந்தது; பலர் பின்னர்ச் சொந்தக் கடையும் தொடங்கினர். பொறுப்பேற்பு அங்குத் தொழிற்கல்வியாகவும் விளங்கியது. ஆனால் அது ஒரு சமூகத்துக்குள் அடங்கிய கல்வி. பிற சாதியார்க்கு அக்கதவு திறக்கவில்லை என்பதையும் மறைத்தலாகாது.

முஸ்லிம் உணவுக்கடைகளிலும் சில்லறைக் கடைகளிலும் எழுத்தின் இடத்தை உறவு நிரப்பியது. இராமநாதபுரக் கடலோர ஊர்கள், கடையநல்லூர், தென்காசி முதலிய இடங்களிலிருந்து அண்ணன் தம்பியையும், மாமன் மருமகனையும் அழைத்துக்கொண்டனர். கடையின் கீழ்த்தளத்தில் வேலை, மேல்மாடியில் படுக்கை, கடையிலேயே உணவு. 1926 முதல் 1973 வரை ஓடிய 'ரஜூலா' கப்பலும், அதனையடுத்து 1985-இல் தீ விபத்துக்குள்ளாகும் வரை ஓடிய 'சிதம்பரம்' கப்பலும் இவ்வுறவுப் போக்குவரத்தின் பாலங்களாயின. நாசி கண்டார் என்னும் பினாங்கின் புகழ்பெற்ற உணவு இத்தகைய கடைகளில் கைமாறிக் கைமாறி வளர்ந்ததாகும்.

1922-ஆம் ஆண்டுச் சட்டம் கண்ட திறன்

ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்தபின் பிரித்தானிய இந்திய அரசு 1922-இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டத்தை இயற்றியது. தோட்டத் தொழிலாளர் வரலாற்றில் இச்சட்டம் அடிக்கடி பேசப்படுகிறது. ஆனால் அதில் 'திறன்சார் வேலை'க்கெனத் தனிப்பகுதி ஒன்று உண்டு. நம் பொருளுக்கு அப்பகுதியே இன்றியமையாதது.

அச்சட்டம் திறன்சார் வேலையை ஊதியத்தைக் கொண்டு வரையறுக்கவில்லை. தொழில்களின் பெயரைச் சுட்டியே வரையறுத்தது. கைவினைஞராக உழைத்தல், எழுத்தராகவோ கடை உதவியாளராகவோ பணிபுரிதல், காட்சி அல்லது கேளிக்கைக்காக உழைத்தல், உணவகம் தேநீர்க்கடை போன்ற பொதுவிடங்களில் பணிபுரிதல், வீட்டுப்பணி ஆகியன அப்பட்டியலில் இடம்பெற்றன. இவர்களை அழைக்க விரும்புவோர், அவர்கள் புறப்படும் துறைமுகத்துக்குரிய மாகாண அரசிடம் அனுமதி பெறல் வேண்டும். எத்தனை பேர், எந்த நாட்டுக்கு, என்ன ஒப்பந்தம், தங்கியிருக்கும் காலத்தில் அவர்தம் நலனுக்கும் முடிவில் ஊர் திரும்புதலுக்கும் என்ன ஏற்பாடு என்பவற்றை விண்ணப்பத்தில் தெரிவிக்க வேண்டும். ஒப்பந்தம் மீறப்படாமைக்கு இந்தியாவிலேயே ஈடும் காட்ட வேண்டும்.

ஈடு யாருக்காக வாங்கப்பட்டது என்பதை நோக்குதல் வேண்டும். தொழிலாளி ஓடிவிடுவார் என்னும் அச்சத்தால் வாங்கப்பட்ட ஈடு அன்று அது. முதலாளி சொல் தவறுவார் என்னும் ஐயத்தால் வாங்கப்பட்டது. சட்டம் எழுத்தில் இருந்தவாறே நடைமுறையிலும் இயங்கியது என நாம் கூற முற்படவில்லை. எனினும், பொற்கொல்லரும் கடை உதவியாளரும் உணவகப் பணியாளரும் திறனாளர் எனச் சட்டத்தில் எழுதப்பட்டமையும், பொறுப்பேற்பின் சுமை முதலாளி மீது வைக்கப்பட்டமையும் நினைவில் நிறுத்தத்தக்கன.

கதவு குறுகிய காலம்

1938-இல் இந்திய அரசு மலாயாவுக்கு உதவிபெற்றுச் செல்லும் உடலுழைப்புத் தொழிலாளரின் குடிபெயர்வைத் தடைசெய்தது. கடைக்கு வருவோரை அத்தடை நேரடியாகத் தொடவில்லை. அவர்களைத் தொட்டது மலாயாவின் குடிநுழைவுச் சட்டமாகும். 1952-இல் இயற்றப்பட்டு 1953-இல் நடைமுறைக்கு வந்த அச்சட்டம், நாட்டின் வணிகத்துக்கும் தொழிலுக்கும் பயன்படுவோர், உள்ளூரில் கிடைக்காத சிறப்புத் திறன் உடையோர், ஏற்கனவே குடியிருப்போரின் குடும்பத்தார் என வரையறுத்துப் புதியோர் வரவைக் குறைத்தது. யார் வரலாம் என்பதை உறவும் கப்பற்கட்டணமும் முடிவுசெய்த காலம் அத்துடன் முடிந்தது.

சுதந்திரத்துக்குப் பின் 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதி பெறல் வேண்டும் என்றது. பல்லாண்டுகள் இங்கு உழைத்தும் குடியுரிமை பெறாதிருந்த தமிழர் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்ப நேர்ந்தமை மலேசியத் தமிழர் வரலாற்றின் ஆறாத புண்களுள் ஒன்று. இரு கரையிலும் காலூன்றி வாழ்ந்த கடைப்பணியாளர் ஒரு கரையைத் தெரிந்தெடுக்க வேண்டியவரானார். கடைக்காரருக்கும் இது திருப்பமாக அமைந்தது. அதுவரை தம்பியாகவும் மருமகனாகவும் இருந்தவர் இனி 'அந்நியத் தொழிலாளி'. அழைத்தவர் இனி 'முதலாளி'. இடையில் ஓர் அனுமதித் தாள் வந்து நின்றது.

இன்றைய இரு வாயில்கள்

இன்று மலேசியாவில் வேலைக்கு வரும் அயல்நாட்டாருக்கு முதன்மையான வாயில்கள் இரண்டு.

முதலாவது, வெளிநாட்டு வல்லுநருக்குரிய வேலை அனுமதி. இது மாத ஊதியத்தின் அடிப்படையில் மூன்று வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. அழைக்கும் நிறுவனத்துக்கும் தகுதி வரையறை உண்டு. முழுவதும் உள்ளூர் உரிமையுள்ள நிறுவனத்துக்கே செலுத்தப்பட்ட மூலதனம் 250,000 ரிங்கிட் இருத்தல் வேண்டும் என்பது பொதுவிதி. இரண்டாவது, பாஸ் லாவாத்தான் கெர்ஜா செமெந்தாரா எனப்படும் தற்காலிக வேலை அனுமதி. இது உற்பத்தி, கட்டுமானம், தோட்டம், வேளாண்மை, சேவை ஆகிய துறைகளுக்கு உரியது. விண்ணப்பிக்கும்போது தொழிலாளி 18 முதல் 45 வயதுக்குள் இருத்தல் வேண்டும். குடும்பத்தை உடன் அழைத்துவர இயலாது. அனுமதி குறிப்பிட்ட முதலாளியின் பெயரோடு கட்டுண்டது.

சிறிய நகைப் பட்டறை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். அதன் உரிமையாளருக்குத் தாலியும் காப்பும் கையால் செய்யத் தெரிந்த பத்தர் ஒருவர் தேவை. ஊதுகுழல் பிடிக்கவும், கம்பியச்சில் பொற்கம்பி இழுக்கவும், பொடி வைத்துப் பற்றவைக்கவும் கை பழகப் பல்லாண்டுகள் ஆகும். இவரை வல்லுநர் வாயிலால் அழைக்கலாமா? பட்டறை பெரும்பாலும் தனியுடைமை வணிகமாகவோ கூட்டாண்மையாகவோ பதிவுபெற்றிருக்கும். 2025-இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அக்கணக்கில் ஓராண்டுச் சம்பளம் 20,400 ரிங்கிட் ஆகிறது. வல்லுநரை அழைக்க வேண்டிய மூலதனமோ ஒருவருக்குப் பன்னிரண்டாண்டுக் குறைந்தபட்சச் சம்பளத்தினும் மிகுதி. எனவே அவ்வாயில் பட்டறைக்கு ஏறக்குறைய மூடியதேயாம்.

எஞ்சியது தற்காலிக அனுமதி. அதற்கும் படிகள் பல. வேலையை முதலில் உள்ளூர் மக்களுக்கு விளம்பரம் செய்தல் வேண்டும். 2023 சனவரி முதல் நடைமுறைக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தத்தின்படி, அயல்நாட்டாரை அமர்த்துமுன் தொழிலாளர் துறைத் தலைமை இயக்குநரின் ஒப்புதல் பெறல் வேண்டும். பின்னர் ஒதுக்கீடு, விசா, ஊரில் ஒரு மருத்துவச் சோதனை, இங்கு மற்றொரு மருத்துவச் சோதனை எனத் தொடரும். இந்தியப் பக்கத்திலும், பத்தாம் வகுப்பு முடிக்காதோர் மலேசியாவுக்கு வேலைக்குச் செல்ல 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்கீழ் இசைவு பெறல் வேண்டும். தீபகற்பத்தில் சேவைத் துறைக்குரிய தீர்வை ஆண்டுக்கு 1,850 ரிங்கிட் என 2016-இல் விதிக்கப்பட்டது. 2018 முதல் அதனை முதலாளியே ஏற்க வேண்டும். இது குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளத்தில் ஏறக்குறைய நூற்றுக்கு ஒன்பது பங்காகும்.

பாயான் லெப்பாசில் உள்ள பெரிய மின்னணுத் தொழிற்சாலைக்கு இவற்றைக் கவனிக்கத் தனித்துறையே உண்டு. இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறையில் உரிமையாளரே எழுத்தர், அவரே காசாளர், அவரே குடிநுழைவுத் துறையின் வரிசையில் நிற்பவர். விதி இருவருக்கும் ஒன்று. அதன் எடை ஒன்றன்று. இடைத்தரகர் நுழைவது பெரும்பாலும் இவ்விடத்தில்தான். தரகுப்பணம் ஊரில் கடனாக மாறித் தொழிலாளியின் தலையில் ஏறுகிறது.

முத்துறை முடக்கம்: 2009 முதல் 2023 வரை

இத்தடைகளுக்கு மேலாக, பொற்கொல்லர், முடிதிருத்துவோர், ஜவுளி ஆகிய மூன்று துறைகளுக்கும் புதிய அந்நியத் தொழிலாளரை எடுப்பது 2009-இல் முடக்கப்பட்டது. இம்மூன்றும் இந்தியச் சிறு வணிகர் மிகுந்த துறைகள். இந்திய வணிகர் அமைப்புகள் ஆண்டுதோறும் முறையிட்டன. 2023 செப்டம்பரில் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராகிம் இத்துறைகளுக்கு 7,500 அந்நியத் தொழிலாளரை எடுக்க அரசு இணங்கியதாக அறிவித்தார். இடைப்பட்டவை 14 ஆண்டுகள்.

கைத்தொழிலில் பதினான்கு ஆண்டு என்பது ஒரு தலைமுறைப் பயிற்சிக்காலம். 2009-இல் ஐம்பது வயதில் இருந்த பத்தர் 2023-இல் அறுபத்து நான்கு வயதினர். அவரிடம் பழக வேண்டியவர் வராத நிலையில், எண்ணிக்கையைப் பின்னர் நிரப்பினாலும் கைமாறாத நுட்பம் திரும்புவதில்லை. நகைக்கடை ஆயத்த நகைகளை இறக்குமதி செய்து விற்கலாம். ஆயினும் குடும்ப வழக்குக்கேற்பத் தாலி செய்தல், பாட்டியின் அட்டிகையைப் பழுது பார்த்தல், உருக்கி அளவு மாற்றுதல் ஆகியன பட்டறை இருந்தாலன்றி நடவா.

ஜார்ஜ் டவுனில் வேறொரு நெருக்கடியும் சேர்ந்தது. பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் பாதுகாப்பு 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் முடிவுக்கு வந்ததும் நகர மையத்தில் வாடகை உயர்ந்தது. குறைந்த வாடகையை நம்பிய கைவினைஞர் பலர் வெளியேறினர். 2008 சூலையில் ஜார்ஜ் டவுன் மலாக்காவுடன் சேர்ந்து யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. அதற்கடுத்த ஆண்டே முத்துறை முடக்கமும் வந்தது. கட்டடத்தின் மரபைக் காக்கும் கொள்கையும், அக்கட்டடத்துள் நடந்த தொழிலுக்கு ஆள் வருவதை நிறுத்தும் கொள்கையும் ஒன்றையொன்று அறியாமலே அருகருகே நடந்தன.

உணவுத் துறையில் விவாதம் வேறு வடிவம் கொண்டது. சார் குவே தியாவ், ஆசாம் லக்சா முதலிய உள்ளூர்ச் சிற்றுணவுகளை அங்காடிக் கடைகளில் அயல்நாட்டார் சமைப்பதைத் தடுக்கும் முடிவைப் பினாங்கு மாநில அரசு 2014-இல் அறிவித்து 2016 முதல் நடைமுறைப்படுத்தியது. 2018 சூனில் அப்போதைய மனிதவள அமைச்சர் எம். குலசேகரன், 2019 தொடக்கத்திலிருந்து உணவகங்களில் உள்ளூர்ச் சமையற்காரரையே அமர்த்த வேண்டும் என்னும் கருத்தை முன்வைத்தார். உணவகத்தார் எதிர்த்தனர், அது கட்டாயமாக்கப்படவில்லை. இவ்விரு நிகழ்வுகளிலும் ஓர் உண்மை வெளிப்பட்டது. சமையல் மரபு எனப் போற்றப்படும்போது அது அரிய திறன். அதே சமையலைச் செய்பவர் அனுமதி கேட்கும்போது அவர் திறன் குறைந்த தொழிலாளி.

அரசின் பக்கத்து நியாயத்தையும் எண்ணிப்பார்த்தல் வேண்டும். மலிவான உழைப்பு தடையின்றிக் கிடைக்குமாயின் உள்ளூர்ச் சம்பளம் உயராது. ஒதுக்கீடு வாங்கி ஆளை வேறிடத்துக்கு மாற்றிய முறைகேடுகளும் நடந்துள்ளன. உள்ளூர் இளைஞர் வராமைக்கும் காரணம் உண்டு. முடிதிருத்துதலும் பொற்கொல்லும் தமிழகத்தில் சாதியோடு பிணைந்த தொழில்கள். கடல் கடந்து வந்த குடும்பங்கள் பிள்ளைகளைப் படிக்கவைத்து அத்தொழிலிலிருந்து விலக்கியதில் வருந்தத்தக்கது ஏதுமில்லை. அது அவர்கள் உழைத்துப் பெற்ற விடுதலை. மரபு அழிகிறதே என்று கூறி அப்பிள்ளைகளைத் திரும்ப அழைக்கும் உரிமை நமக்கில்லை. நல்ல சம்பளமும் மதிப்பும் உள்ள தொழிலாக அதனை மாற்றினால், எக்குடும்பத்துப் பிள்ளையும் விரும்பி வரக்கூடும்.

கட்டுண்டவர் நிலை

இதுவரை கடைக்காரர் நிலையில் நின்று பார்த்தோம். தொழிலாளியின் நிலையில் நின்று பார்த்தால் பொறுப்பேற்பின் மறுமுகம் தெரியும்.

அனுமதி ஒரே முதலாளியின் பெயரில் இருப்பதால், வேலையை இழப்பவர் நாட்டில் தங்கும் உரிமையையும் இழக்கிறார். சம்பளம் குறைந்தாலும், வேலை நேரம் நீண்டாலும், முறையிடுதல் என்பது ஊர் திரும்பும் ஆபத்தை விலைக்கு வாங்குதலாகும். ஊரில் கடன் இருப்பின் அவர் வாய் திறப்பது அரிது. பெரிய நிறுவனத்திலாவது உடன் உழைப்போர் பலர் இருப்பர். சிறுகடையில் முதலாளியும் தொழிலாளியும் மட்டுமே. அங்கு நல்லவர் வாய்த்தால் குடும்பம், அல்லவர் வாய்த்தால் சிறை. வேலை தருபவரே தங்குமிடம் தருபவராகவும், உணவு தருபவராகவும், உறவினராகவும் இருக்கும்போது குறையை யாரிடம் கூறுவது? உறவுமுறை அன்பை மிகுவித்ததோடு, கணக்குக் கேட்பதைக் கூச்சத்துக்குரியதாகவும் ஆக்கிவிட்டது. நகரத்தாரின் சம்பளச் சீட்டு இவ்வகையில் உறவினும் பாதுகாப்பானது எனலாம்.

அண்மைக்காலச் சட்டங்கள் இந்நிலையை ஓரளவு திருத்த முயல்கின்றன. ஒருவரின் கடப்பிதழை மற்றொருவர் சட்டப்படியான உரிமையின்றி வைத்திருத்தல் 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டத்தின்படி குற்றம். 2019 முதல் அந்நியத் தொழிலாளருக்கும் வேலைவிபத்துக் காப்பு சொக்சோ வழி கிடைக்கிறது. தொழிலாளர் தங்குமிடத் தரத்துக்கான சட்டம் 446 திருத்தப்பட்டு, 2020 சூன் முதல் தோட்டங்களுக்கு அப்பாலும் விரிந்தது; கடையின் மேல்மாடியில் பாய் விரித்துப் படுத்த பழைய வழக்கத்துக்கு இன்று சான்றிதழ் தேவைப்படுகிறது. 2025 அக்டோபர் முதல் ஊழியர் சேமநிதியில் முதலாளியும் தொழிலாளியும் தலைக்கு நூற்றுக்கு இரண்டு பங்கு செலுத்தல் வேண்டும். இவை 1922-ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஈட்டுக் கருத்தை வேறு வடிவில் மீட்கின்றன. ஆயினும், முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமை என்னும் அடிப்படை வினா அப்படியே நிற்கிறது.

பிற நாடுகள் இரண்டு இங்கு ஒப்புநோக்கத்தக்கன. வளைகுடா நாடுகளின் 'கஃபாலா' முறை தமிழ்க் குடும்பங்கள் பல அறிந்தது. கத்தார் 2020-இல் அம்முறையைத் தளர்த்தி, பழைய முதலாளியின் இசைவுச் சான்றின்றியே வேலை மாற வழி செய்தது. சிங்கப்பூர் 2023 செப்டம்பரில் வகுத்த தொழிற்பட்டியலில் இந்திய உணவகச் சமையற்காரரைப் பெயர் சுட்டிச் சேர்த்தது. குறைந்தது 2,000 சிங்கப்பூர் வெள்ளி மாதச் சம்பளம் தரும் உணவகம், இந்தியாவிலிருந்து சமையற்காரரை அழைக்க அது வழிவிட்டது. ஒன்று தொழிலாளியின் கட்டைத் தளர்த்தியது. மற்றொன்று தொழிலைப் பெயரால் அறிந்தேற்றது. மலேசியச் சூழலுக்கு இவ்விரண்டும் சேர்ந்தே தேவைப்படுகின்றன.

செய்யத்தக்கன

மேற்கண்டவற்றிலிருந்து மூன்று கருத்துகளை முன்வைக்கலாம்.

முதலாவது, கைவினைத் திறனை ஊதியத்தாலும் மூலதனத்தாலும் மட்டும் அளவாமல் தொழிற்சோதனையாலும் அளத்தல். 2006-ஆம் ஆண்டுத் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் மலேசியத் திறன் சான்றிதழ் ஐந்து நிலைகளில் உள்ளது. பள்ளிப் படிப்பின்றி அனுபவத்தால் பெற்ற திறனையும் மதிப்பிட்டு ஏற்கும் வழி அதில் உண்டு. அவ்வளவுகோலையே அயலகத்துப் பத்தருக்கும் சமையற்காரருக்கும் ஏற்றவாறு விரிக்கலாம்.

இரண்டாவது, அழைக்கப்படும் கைவினைஞரோடு உள்ளூர்ப் பயிலுநர் ஒருவரை இணைத்தல். பணியிடத்திலேயே பெரும்பகுதிப் பயிற்சியைத் தரும் இரட்டைப் பயிற்சி முறை 2005 முதல் இந்நாட்டில் உள்ளது. பெட்டியடிப் பையன் முறையின் நற்கூறு இதுவே. இன்று அதனைச் சாதி எல்லையின்றி, ஆண்பெண் வேறுபாடின்றி, உதவித்தொகையோடு நடத்த இயலும்.

மூன்றாவது, பதிவுபெற்ற துறைக்குள் முதலாளியை மாற்றிக்கொள்ளும் உரிமையைத் தொழிலாளிக்கு அளித்தல். சிறு வணிகர் இதனை அஞ்சக்கூடும். பணம் செலவிட்டு அழைத்தவர் பக்கத்துக் கடைக்குப் போய்விடுவாரே என்பர். அழைத்த செலவைப் புதிய முதலாளி பங்கிட்டு ஏற்க விதி செய்தால் அவ்வச்சம் குறையும். தங்கிவிட வேண்டும் என்று தொழிலாளி தாமே விரும்பும் கடையே நல்ல கடை என்பதும் மெய்.

முடிவுரை

சிறுகடைப் பொறுப்பேற்பு தொடக்கத்தில் எழுத்தாலும் உறவாலும் அமைந்த உடன்பாடு. 1922-ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தொழிற்பெயரால் அறிந்து முதலாளி மீது கடமை சுமத்தியது. பின்வந்த சட்டங்கள் குடியுரிமை, ஊதியம், மூலதனம் என்னும் அளவுகோல்களைக் கொண்டுவந்தன. ஒவ்வொரு மாற்றத்துக்கும் தக்க காரணம் இருந்தது. விளைவோ, பொற்கொல்லனின் கை எந்த அட்டவணையிலும் அடங்காத பொருளாயிற்று.

தமிழ் ஆய்வாளருக்கும் ஆசிரியருக்கும் இதில் கடமை உண்டு. சம்பளச் சீட்டுகள், கடைக் கணக்கேடுகள், பழைய அனுமதித் தாள்கள் ஆகியன பினாங்குக் குடும்பங்களின் பெட்டிகளில் இன்னும் இருக்கக்கூடும். அவை கறையான் கைப்படுமுன் படியெடுக்கப்படல் வேண்டும். பட்டறைச் சொற்களும் சமையற்கட்டுச் சொற்களும் அத்தொழிலாளரின் நாவில் மட்டுமே வாழ்கின்றன. அவற்றைத் தொகுக்கும் பணியை மாணவரின் களப்பணியாகவே அமைக்கலாம். அந்நியத் தொழிலாளி எனப்படுபவர் அச்சொற்களின் கருவூலமாகவும் இருக்கிறார். அவரைத் தகவலாளராக அணுகும் நாம், அவர் எந்த நிபந்தனையில் இங்கு வாழ்கிறார் என்பதையும் சேர்த்தே எழுதுதல் முறையாகும்.